செலக்டர் வீட்டு அடுப்பு

செலக்டர் இன்பசேகரனுக்குப் பிடித்த பொருள் என்று இந்த உலகத்தில் ஏதாவது இருந்ததா என்று கேட்டால், நாலு வருஷம் அவர் வீட்டுச் சுவரை ஒட்டியே குடியிருந்த நான் இல்லை என்றுதான் சொல்வேன். மழை பெய்தால் அது பெய்த நேரம் சரியில்லை. சர்ச்சில் கொயர் பாடினால் இரண்டாம் வரிசையில் யாரோ ஸ்ருதியை விட்டுவிட்டார்கள். பெண்டாட்டி வைத்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, "செகண்டு" என்பார். சில நாள் "தேர்டு". நல்ல நாளும் அதுவுமாகக் கறி எடுத்துச் சமைத்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அதைத்தான் பாராட்டு என்று அந்த அம்மாள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வேலையே அதுதான். ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரமாக இருந்த எங்கள் தோல் கம்பெனியில், பதமாகி, சாயமேறி, பளபளப்பேறி வருகிற ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்பிப் போட்டு நீல மெழுகுப் பென்சிலால் கோடு இழுப்பார். ஒரு கோடு ஃபர்ஸ்ட். இரண்டு கோடு செகண்டு. மூன்று கோடு தேர்டு. பெருக்கல் குறி போட்டால் ரிஜெக்ட். உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எதுவும் அந்தக் கைக்குத் தப்பாது. அதில் அவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் வீட்டில் இருந்த ஒரு ஜீவன் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவரோ காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே வாட்ச்மேன் வேலுவை மேலும் கீழும் பார்த்து, "தொப்பி கோணல், பட்டன் இல்ல. ரிஜெக்ட்டுடா நீ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வேலு தினமும் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வான்?

நான் அதே கம்பெனியில் எக்ஸ்போர்ட் கடிதங்கள் டைப் அடிக்கிறவன். பெயர் ஆபேல். சொந்த ஊர் அரக்கோணம், கல்யாணம் ஆகாதவன். என் மத்தியானச் சாப்பாடு செலக்டர் வீட்டிலிருந்துதான் வரும். சும்மா இல்லை, மாசச் சாப்பாடு. செலக்டர் மனைவி ஜெயபுஷ்பம் அக்கா இருபத்திரண்டு பேருக்குக் கேரியர் கட்டினாள். என்னுடையது பதினோராம் நம்பர்.

அது ஆரம்பித்த கதையும் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்றில் கம்பெனி ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. செலக்டர் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்தார். அரசாங்கம் செகண்டு, யூனியன் தேர்டு, முதலாளிமார் ரிஜெக்ட் என்று உலகத்தையே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஏழு மாதமும் வீட்டில் உலை கொதித்தது அக்காவால். மூன்று வாத்தியார்களுக்குக் கேரியர் கட்ட ஆரம்பித்தாள். கம்பெனி திறந்த பிறகு வாத்தியார்கள் இடத்தில் ஆபீஸ் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரே மகளையும் கட்டிக் கொடுத்துவிட்ட பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தக் கேரியர்தான்.

அவள் அடுப்பு, சமையலறைப் பின்சுவரில் மாடம் மாதிரி குடைந்து, மேலே புகைபோக்கி எழுப்பிய இரட்டை அடுப்பு. எரிக்கிறது மரப்பட்டை. தோலை ஊறவைத்துச் சத்தெல்லாம் இறங்கிய பட்டையைக் கம்பெனிக்காரர்கள் வெயிலில் காயப்போட்டு விற்பார்கள். அது நின்று எரியும். அதில் காலை ஐந்து மணிக்கு உலை வைத்தால் பதினொன்றுக்குள் சோறு, பருப்புக் கடைசல், கத்தரிக்காய்க் காரக்குழம்பு, புதன்கிழமை கருவாடு, எல்லாம் இறங்கிவிடும். செண்பகம் என்று எதிர்வீட்டுக்காரி, கேரியர்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, பன்னிரண்டரைக்குக் கம்பெனி கேட்டில் நிறுத்துவாள். அக்கா கேரியர் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை.

எண்பத்தாறு கடைசியில் ஜெர்மனிக்குப் போன சரக்கில் தகராறு வந்தது. அங்கேயே போய்ப் பிரித்துக் காட்டிவிட்டு வா என்று முதலாளி இஷ்தியாக் அகமது செலக்டரை விமானம் ஏற்றி அனுப்பினார். மூன்று வாரம். அங்கே ஒரு கோடவுன் சூப்பர்வைசர் வீட்டில் தங்கினார். தகராறைத் தீர்த்துவிட்டுத்தான் வந்தார், பொய் சொல்லக் கூடாது. வரும்போது தலைக்கனத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"அங்கெல்லாம் அடுப்பு செவுத்துக்குள்ள இருக்குதுய்யா ஆபேலு" என்றார். "நெருப்பு கெடையாது, புகை கெடையாது. கதவ தொறந்து வெச்சா, மணி அடிச்சா எடுத்துக்கறா. மூணு வாரத்துல ஒரு பொம்பள மூக்க சிந்தி நான் பாக்கல."

"மைக்ரோவேவா சார்?"

"அதான். பெட்டி மாதிரி மேல தூக்கி வெக்கிறது இல்ல. அது செகண்டு. செவுத்துல பதிக்கிறது. பதிச்சாதான் ஃபர்ஸ்ட்டு."

அடுத்த தபாலிலேயே அந்த சூப்பர்வைசர் மூன்று கேட்லாக் அனுப்பி வைத்தான். அன்று தொடங்கி இரண்டு மாதம் அந்த மூன்று புத்தகம்தான் எங்களுக்கு வேதம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என் மேசைக்கு வந்து விரிப்பார். ஒன்று சின்னது, வெள்ளை நிறம். ஒன்று திருகுகிற குமிழ் வைத்தது. மூன்றாவது பழுப்புக் கண்ணாடிக் கதவு, பித்தான்கள், உள்ளே மேல்பக்கம் சிவக்கிற கம்பி. எழுத்தெல்லாம் ஜெர்மன். ஒரு வரி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? படத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையால். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காகிதத்தைத் தடவி அடுப்பு வாங்கிய மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ஃபினிஷ் பார்றா இந்தக் கண்ணாடில. இதான்."

"அக்காவ ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"

"அவளுக்கு இன்னா தெரியும்? நீ லெட்டர அடி."

அடித்தேன். பதிலாக இங்கிலீஷில் விவரமான கடிதம் வந்தது. படித்துச் சொன்னேன். அரிசி எவ்வளவு வேகும், எந்தப் பாத்திரம் ஆகும், எந்தப் பாத்திரம் ஆகாது, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தான்.

"சார், பதிக்கும்போது சுத்தி ரெண்டு வெரல் எடம் விடணுமாம். காத்து போறதுக்கு."

செலக்டர் சிரித்தார். "எடம் விட்டுத் தெச்சா ஷூ கால்ல நிக்குமா? லூசாதான் இருக்கும். எல்லாத்தையும் டைட்டா புடிக்கணும்டா. வெள்ளக்காரனுக்கு அடுப்பு தெரியும், ஃபிட்டிங் நம்பள கேக்கணும்."

அன்று சாயங்காலம் கேரியரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அக்கா வாசலில் நின்று மெல்லக் கேட்டாள்.

"ஆபேல் தம்பி, அதுல எவ்ளோ அரிசி வேகும்?"

"ரெண்டு பேரு, மூணு பேருக்கு ஆவும்க்கா."

"இருவத்திரெண்டு பேருக்கு?"

நான் கேரியரை அவள் கையில் கொடுத்தேன்.

"எவர்சில்வர் வெக்கலாமா?"

"கூடாதாம். அலுமினியமும் கூடாதாம். கண்ணாடி, பீங்கான் மட்டும்தான்."

"என் வூட்டுல பீங்கான் இன்னா இருக்குது? காபி கப்பு நாலு இருக்குது" என்றாள். "அப்போ சோறு வடிக்கிறது எங்க?"

பெட்டி சித்திரை முடிகிற நேரத்தில் வந்தது. கம்பெனிக்கு வந்த ஸ்பிரே மெஷின் பெட்டிகளோடு, முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, மதராஸ் துறைமுகம் வழியாக வந்து இறங்கியது. அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. பாலாற்று மணல் கொதித்து, தோல் நாற்றம் ஊர் முழுக்கக் கப்பென்று நின்றது. அந்த வெயிலில் நாலு ஆள் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். செலக்டர் உறையைக் கிழித்துக் கதவைத் தடவி, முதல் தடவையாக ஒரு பொருளைப் பார்த்து "ஃபர்ஸ்ட்டு" என்றார்.

மறுநாள் காலை சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். ஒற்றைச் சுவர், எல்லாம் கேட்கும்.

"இது இன்னாங்க?" அக்காவின் குரல்.

"பாத்தா தெரியல? ரிஜெக்ட் மார்க்கு."

பிறகு நானே போய்ப் பார்த்தேன். அடுப்பு மாடத்தின் மேல், கரி பிடித்த சுவரில், நீல மெழுகுப் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"காசிநாதன் செவ்வாக்கெழம வர்றான். அடுப்ப இடிச்சிட்டு இதுக்குள்ள பதிச்சிடுவான்."

"எதுர் செவுத்துல வெச்சிக்கலாமே. அங்க ஒண்ணுமே இல்ல."

"அது ஒத்தக்கல்லு செவுரு. பதிக்கிறதுக்குக் கனம் வேணும். இங்க மாடம் ரெடியா இருக்குது."

"அப்போ கேரியரு?"

"அதுக்கும் சேத்துதான் சொல்றேன். இந்த வருஷம் என்ன குவாலிட்டி மேனேஜர் ஆக்கப் போறாங்க. மேனேஜர் பொண்டாட்டி கிளார்க்குங்களுக்குச் சோறு கட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்குது? சனிக்கெழமையோட நிறுத்திக்கோ."

ஏதோ ஒரு பாத்திரம் தரையில் ணங்கென்று இறங்கியது.

"கம்பெனி பூட்டினப்போ நல்லா இருந்துதா?" என்று அக்கா கேட்டாள். "ஏழு மாசம் இந்த அடுப்புலதான் சாப்டீங்க. அப்போ இது ரிஜெக்ட்டு இல்லயா?"

"உன் வாயி ரொம்ப ஜாஸ்தி ஆய்டுச்சு. அதுவும் தேர்டு தான்."

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? திங்கட்கிழமை முதல் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். நானும் பெரிய ஆள் இல்லை.

சனிக்கிழமை கடைசிக் கேரியர் வந்தது. கத்தரிக்காய்க் காரக்குழம்பு. ஆபீஸில் ஆளாளுக்கு ஐயோ பாவம் என்றார்கள், விரலை நக்கிக்கொண்டு. ஒருத்தராவது போய் செலக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா என்றால் இல்லை. மேனேஜர் ஆகப் போகிறவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம்?

செவ்வாய்க்கிழமை கொத்தனார் காசிநாதன் வந்தான். ஒடுகத்தூர்க்காரன், கம்பி மாதிரி உடம்பு. அடுப்பை இடிப்பதற்கு முன்னால் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டு அக்காவைப் பார்த்து, "யம்மா, இடிக்கட்டுமா?" என்று கேட்டான். அந்த வீட்டில் அவளை அப்படிக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

"இன்னா என்ன கேக்குற? மார்க் போட்டவர கேளு" என்றாள்.

இடித்தான். செங்கல்லை எல்லாம் அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, கரியோடு கொல்லையில் அடுக்கினாள். தூக்கிப்போடச் சொன்னதற்கு, கோழிக்கூண்டு கட்ட ஆகும் என்றாள். மாடத்தில் காசிநாதன் மரச்சட்டம் அடித்து, புகைபோக்கி வாயையும் பூசி மூடினான். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருந்தது. கடிதத்தில் சொன்னபடி தானாகவே அமைந்திருந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

செலக்டர் விடவில்லை. உள்ளே போய் ஒரு கட்டுத் தோல் எடுத்து வந்தார். எட்டுத் தோல், நல்ல சாக்லேட் நிறம், குழந்தைக் கன்னம் மாதிரி மிருது. அதை மடித்து மடித்துச் சந்தில் திணிக்கச் சொன்னார்.

"ஆடக் கூடாது, பெயிண்ட் உராயக் கூடாது. ஷூ கட்டைல மேல்தோலு புடிக்கிற மாதிரி கப்புனு புடிக்கணும்."

"இவ்ளோ நல்லா இருக்குதே சார், இதயா திணிக்கிறது?" என்றான் காசிநாதன்.

"ரிஜெக்ட் மாலுடா. மார்க் பாக்கல?"

உண்மைதான். ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் நீலப் பெருக்கல் குறி இருந்தது. கழிவுத் தோலை ஸ்டாஃப் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம்தான், யாரும் கேட்க மாட்டார்கள். நான் சந்தேகப்படவில்லை. எனக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும்? அக்கா மட்டும் ஒன்றை எடுத்து உள்ளங்கையால் தடவினாள். திருப்பிக் குறியைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதைக் காசிநாதனிடம் நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் ஐயரை ஜெபத்துக்கு அழைத்திருந்தார் செலக்டர். நம் பெட்டியோடு வந்த சாமான் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று முதலாளியும் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகக் கோழியைப் பாய் கடையில் அறுத்து வாங்கியாயிற்று. சமையல்? அது முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், முதலாளி எதிரில் அடுப்பு அதைச் சூடாக்கி, சிவக்க வைத்து, மணி அடிக்க வேண்டும். அதுதான் செலக்டர் போட்ட திட்டம். ஆனால் சமைக்க வீட்டில் அடுப்பு ஏது? அக்கா விடியற்காலையிலேயே செண்பகம் வீட்டு வாசலில் மூன்று கல்லை வைத்து, பட்டையை மூட்டி, சோறு, கோழிக்குழம்பு, தால்ச்சா எல்லாவற்றையும் வெயிலில் உட்கார்ந்து இறக்கினாள். இரண்டு பேரும் தெருவைக் கடந்து பாத்திரங்களைத் தூக்கி வந்ததைத் தெருவே பார்த்தது. செலக்டர் மட்டும் பார்க்கவில்லை. அவர் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐசக் ஐயர் வந்தார். வெள்ளை அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. முதலாளி இஷ்தியாக் அகமது, ஒல்லியான மனிதர், ஜிப்பாவில் சுருக்கம் இல்லாமல் வந்து நின்றார். எங்களோடு சமையலறை நிரம்பிவிட்டது. ஐயர் அடுப்புக்காக நீளமாக ஜெபித்தார். இந்தக் குடும்பத்தின் கைப்பிரயாசத்தை ஆசீர்வதியும் என்றார். அக்கா வாசற்படியில் நின்று ஆமென் சொன்னாள்.

செலக்டர் பித்தானை அழுத்தினார். உள்ளே விளக்கு எரிந்து, கண்ணாடித் தட்டு கோழியோடு சுற்றியது. மணி அடித்தது. ஐயர் கைதட்டினார்.

"அவ்ளோதானா?" என்றார் முதலாளி.

அந்த ஒரு சொல் செலக்டரைச் சுட்டுவிட்டது. "இல்ல பாய், இனிமேதான் இருக்குது. கிரில்லுனு ஒண்ணு, மேல அப்படியே செவக்கும் பாருங்க."

சிவக்கிற கம்பியைப் போட்டார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கோழி சிவக்கிறதோ இல்லையோ, பெட்டியின் விசிறி முனக ஆரம்பித்தது. இன்னும் பத்து நிமிஷம் கூட்டினார். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. முதலில் லேசாக, பிறகு மூக்கில் ஏறுகிற மாதிரி.

"கோழி தீயுது போல இருக்குதே" என்றார் ஐயர்.

முதலாளி மூக்கை உயர்த்தி இரண்டு தடவை இழுத்தார். "கோழி இல்ல ஐயரே. ஆடு. ஆட்டுத்தோலு." இன்னொரு தடவை இழுத்தார். "குரோம் மருந்து போட்டது. நம்ப மாலு. இங்க எப்படி எரியுது இது?"

ஊருக்கே தோல் நாற்றம் பழக்கம். வாசனையை வைத்தே எந்தக் கம்பெனித் தோல், எந்த மருந்து என்று சொல்கிறவர் அவர். சந்துகளிலிருந்து மெல்லப் புகை கசிந்தது. பெட்டி டப்பென்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. நான் ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன். சமையலறையில் புகை இல்லாமல் செய்கிறேன் என்று வந்த அடுப்பு, வீடு முழுக்கப் புகையாக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"வெளில இழுங்க" என்றார் முதலாளி.

நானும் செலக்டரும் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தோம். கப்பென்று பிடித்திருந்ததால் லேசில் வரவில்லை. கடைசியில் வந்தது. பெட்டியோடு ஒட்டியிருந்த தோல் எல்லாம் சுருண்டு கருகியிருந்தது. ஓரத்து மடிப்பில் இருந்த இரண்டு தோல் மட்டும் சேதமில்லாமல் கீழே விழுந்தது. முதலாளி குனிந்து ஒன்றை எடுத்து, உதறி, ஜன்னலுக்குக் கொண்டுபோனார். உள்ளங்கையால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்து, முதுகு, வயிறு என்று விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். திருப்பிப் பார்த்தார். நீலப் பெருக்கல் குறி.

ஐயர் ஒன்றும் புரியாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"இன்பசேகர், இங்க வா."

போனார்.

"இந்த மார்க்கு யாரு போட்டது?"

"நான் தான் பாய்."

"ஒரு முள்ளு கீறல் கெடையாது. ஒரு கத்தி வெட்டு கெடையாது. இதுக்கு ரிஜெக்ட்டு போட்டிருக்கறே. எனக்கு ரெண்டுதான் தோணுது. ஒண்ணு, உன் கண்ணு போச்சு. இல்லேன்னா நீ திருடன். நீ தானே செலக்டரு? ரெண்டுல எதுன்னு நீயே பிரிச்சி சொல்லு."

செலக்டர் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்," என்றார் முதலாளி, குரலைத் தணித்துக்கொண்டு. "வயசு ஆவுது. கண்ணு தளர்றது சகஜம். அப்படின்னா சொல்லிடு. வேலூர்ல போய் டாக்டர்கிட்ட காட்டு. வேற செக்‌ஷன்ல ஒக்கார வெக்கிறேன். நானும் இத மறந்துடறேன்."

அந்த மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண் மங்கிவிட்டது பாய் என்று மூன்றே சொல் சொன்னால் போதும். ஒரு கண்ணாடியும் ஒரு நாற்காலியும் கிடைத்திருக்கும். அக்கா படியில் நின்று புருஷனையே பார்த்தாள். சொல்லுங்களேன் என்று அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

செலக்டரின் கை தானாக நீண்டு அந்தத் தோலைத் தடவியது.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல பாய்," என்றார். "முப்பது வருஷமா இந்தக் கை தப்பு பண்ணது இல்ல. இது ஃபர்ஸ்ட்டு. போடும்போதே எனக்குத் தெரியும்."

திருடன் என்று பெயர் வாங்கினாலும் வாங்குவார், செலக்‌ஷன் தெரியாதவன் என்று பெயர் வாங்க மாட்டார். இப்படி ஒரு பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு அன்றும் சிரிப்பு வந்தது, இன்றும் வருகிறது.

முதலாளி தோலை மடித்து ஐயர் கையில் கொடுத்தார், எதற்கென்று தெரியவில்லை. "நாளையிலருந்து கேட்டுக்கு வராத" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "யம்மா, சமைச்சி வெச்சிட்டீங்க. சாப்பிடாம போனா நல்லா இருக்காது. எடுத்து வெய்ங்க."

கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். செலக்டர் சமையலறையிலேயே நின்றுவிட்டார். முதலாளி கோழிக்குழம்பைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது எங்க சமைச்சீங்க?"

"எதுர் வூட்டு வாசல்லங்க. மூணு கல்லு வெச்சி."

"அப்போ அந்தப் பெட்டி எதுக்கு வாங்கினீங்க?"

"நான் எங்க வாங்கினேன்? அது செலக்டர் செலக்‌ஷனு" என்றாள் அக்கா.

நான் வாயில் வைத்த சோறு புரையேறியது.

"ஆபீஸ் ஆளுங்க ஒரு வாரமா மத்தியானம் வெளில போய்ட்டு லேட்டா வர்றானுங்க, ஒரே பேஜாரு. கேட்டா கேரியர் நின்னு போச்சுன்னு சொல்றானுங்க. அது நீங்கதானா?"

"நான்தாங்க."

"ஏன் நிறுத்தினீங்க?"

அக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். "அடுப்புல மார்க் போட்டுட்டாங்க."

முதலாளி இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையிலேயே காசிநாதன் வந்துவிட்டான். அவனை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. இந்த மாதிரி சேதி ஒடுகத்தூர் வரைக்கும் ஒரே ராத்திரியில் போய்விடும். புகைபோக்கி வாயைத் திறந்தான். கொல்லையில் அடுக்கி வைத்த செங்கல்லையே எடுத்து, கரி ஒரு பக்கமாக வரும்படி வைத்துக் கட்டினான். கோழிக்கூண்டுக்கு என்று அக்கா அடுக்கினாளே, அது அத்தனையும் அடுப்புக்குச் சரியாக இருந்தது. சுவரில் இருந்த பெருக்கல் குறியைச் சுரண்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம், புகை பட்டுத் தானாகப் போகும் என்றாள். வேலை போன ஜெர்மன் பெட்டியைக் கொல்லைச் சுவரோரம் வைத்து, அதற்குள் கருவாட்டைப் போட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பூனை திறக்க முடியாத கதவு. வந்ததிலிருந்து அது பார்த்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

செலக்டர் கயிற்றுக் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். பேப்பர் விரித்தபடி கிடக்கும். படிக்கிற மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமை கேரியர் தொடங்குகிறது என்று ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அன்று பார்த்துச் செண்பகம் தன் மகள் பிரசவத்துக்கு அணைக்கட்டு ஊருக்குப் போய்விட்டாள். அன்று காலையில் எனக்கு அரை நாள் லீவு, வீட்டில்தான் இருந்தேன். சுவர் வழியாகக் கேட்டது.

"எழுந்திரிங்க. வண்டி தள்ளணும்."

"நானா? அந்த கேட்டுக்கா?"

"கேட்டுக்கு வராதன்னு உங்களதான் சொன்னாரு. சோத்த சொல்லல. கேட்டுகிட்ட வெச்சிட்டு வந்துடுங்க."

"வேற ஆளு பாத்துக்கலாம்."

"வேற ஆளு இல்ல. மணி பன்னண்டு ஆவுது. என் கேரியரு ஒரு நாளும் லேட்டா போனது இல்ல."

கட்டில் முனகியது. பிறகு தள்ளுவண்டிச் சக்கரம் தெருவில் கடகடவென்று உருண்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். பார்க்க வேண்டும் என்றுதான் போனேன், வேறு எதற்கு? உச்சி வெயிலில், தேய்த்த பேன்ட் சட்டையோடு, குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பெரிய பள்ளிவாசல் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டில் வேலு. தொப்பி கோணலாகவே இருந்தது. செலக்டரைப் பார்த்ததும் அவன் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க சார். செக் பண்ணாம எதையும் உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டரு. வெளில போறத மட்டும் இல்ல, உள்ள வர்றதையும்."

"சோறுடா இது."

"எதுவா இருந்தாலும் சார்."

ஒவ்வொரு கேரியராகத் திறந்தான். அவசரமே இல்லாமல் மூடியைத் தூக்கினான், பார்த்தான், மூடினான். சோதித்து முடித்த பெட்டிகளுக்கு எல்லாம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு மூடியின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்திரண்டு கேரியர். எல்லாவற்றிலும் ஒரே ஒரு கோடு. வேலுவுக்கு அது கேட் வேலை, அவ்வளவுதான். செலக்டருக்கு அப்படி இருந்திருக்காது. அவர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையத் தூக்குங்க சார்."

தூக்கினார். வேலு பக்கத்தில் வந்து, தோள், விலா, இடுப்பு, பாக்கெட் என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தான். திருப்பி நிற்கவைத்து முதுகையும் தடவினான். செலக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, போங்க" என்றான்.

பதினோராம் நம்பர் கேரியரை நான் எடுத்துக்கொண்டேன். முருங்கைக்காய் சாம்பார், பீர்க்கங்காய்க் கூட்டு. வயிறு நிறையச் சாப்பிட்டேன். நாலு வருஷமாகச் சாப்பிட்டும் அந்த அம்மாளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செலக்டராவது செகண்டு, தேர்டு என்று ஏதோ சொன்னார்.

வேலை முடிந்து கேரியரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கட்டிலில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்கா அடுப்பில் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, இன்னிக்கு சாப்பாடு எப்படி இருந்துது?"

"ஃபர்ஸ்ட்டுக்கா" என்றேன், நல்லது சொல்கிற நினைப்பில்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"அந்தப் பேச்சு இந்த வூட்டுல இனிமே வேணாம்," என்றாள். "உப்பு சரியா இருந்துதா, அத சொல்லு."

"சரியா இருந்துதுக்கா" என்றேன்.

"அப்போ கேரியர கழுவி வெச்சிட்டுப் போ."